பூஜ்யத்துக்கு எத்தனை இடம்?

சின்னப்பாறைத் தோட்டம், மேல் பிரிவு,
அக்கரப்பத்தனை.
20.11.1963

தம்பி ஆண்டியப்பா,

நலம், நலமறிய ஆவல்னு எழுத எனக்கு இன்னிக்கு மனசு வரல. தீவாளி போயி அஞ்சு நாளாச்சு. அப்பா தெனமும் வேலை முடிஞ்சு மலையில இருந்து எறங்கி வந்ததும் காலு கூடக் கழுவாம, "பெரியவன் கடுதாசி வந்துச்சா"ன்னு கேக்குறாரு. வரலன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. இங்கிலாந்துல இந்த நீலத் தாளு விக்கிறதை நிறுத்திப்புட்டாங்களா என்ன?

சரி, சங்கதிக்கு வர்றேன். நம்ம கந்தப்பனுக்குப் பொண்ணு பாத்திருக்கு. உடப்புசல்லாவைப் பக்கம். பேரு ராசம்மா. தேயிலைக் கொழுந்து பறிக்கிறதுல கெட்டிக்காரி, சிரிச்ச மொகம். கந்தப்பன் பிடிச்சிருக்குன்னு வாயால சொல்லல. ஆனா பாத்துட்டு வந்த நாள்ல இருந்து சீப்பும் கையுமா அலையுறான். அண்ணன் இருக்கத் தம்பிக்கு முடிக்கலாமான்னு அம்மா முணுமுணுத்துச்சு. நீதான் போன வருசமே, எனக்கு இப்ப வேணாம், அவனுக்குப் பாருங்கன்னு எழுதினியே, அதை எடுத்து வாசிச்சுக் காட்டித்தான் அம்மாவை அடக்கினேன்.

பொண்ணோட அப்பா ஞாயித்துக்கிழமை வந்தாரு. தேத்தண்ணி குடிச்சாரு, அம்மா சுட்ட ரொட்டியைப் புகழ்ந்தாரு. அப்புறம் வாசல்ல நின்னு காம்பராவை ஒரு பார்வை பாத்தாரு. ஒத்தைக் காம்பரா. உள்ளுக்கு அப்பா, அம்மா, நானு, எம் புள்ளைங்க ரெண்டும். கொழும்புக் கடையில இருந்து மாசம் ஒருக்கா உன் மச்சான் வந்தா அவரும். அடுப்பு ஓரமா கந்தப்பன். "எம் பொண்ணு எங்க படுக்கும்?"னு மனுசன் நேராவே கேட்டுப்புட்டாரு. கேக்க வேண்டியதுதானே, பெத்தவரு. நான் வாசலுக்கு முன்னால இருக்குற இஸ்தோப்புத் திண்ணையைக் காட்டி, சாக்கைக் கட்டி மறைச்சு அதை அவுங்களுக்குக் குடுத்துருவோம்னு சொன்னேன். அப்பா சட்டுனு, "அது பெரியவன் எடம்"னுட்டாரு. அதோட பேச்சு நின்னு போச்சு.

உன் ட்ரங்குப் பெட்டி அங்கயேதான் இருக்கு. நீ பரீட்சைக்குப் படிச்ச பலகையும் இருக்கு. அப்பா வாரம் ஒருக்கா துடைக்கிறாரு. நீ போயி நாலு வருசமாச்சு, அந்த எடத்துல ஒரு கோழியைக் கூடக் கவுக்க விடமாட்டேங்கிறாரு. இன்னொரு காம்பராவுக்கு அப்பா தோட்டத்துத் துரைக்கிட்டயும் போயிப் பாத்தாரு. புது லயம் கட்டுறப்ப பாக்கலாம்னு சொல்லிட்டாராம். அது எந்தக் காலத்துக்கோ.

நீ அப்பாவுக்கு ஒரு வார்த்தை எழுது. இஸ்தோப்பைத் தம்பிக்குக் குடுங்கன்னு எழுது. நான் சொன்னா கேக்க மாட்டாரு, நீ சொன்னா கேப்பாரு. தை பொறக்குறதுக்குள்ள சொல்லுங்கன்னு பொண்ணு வீட்டுல சொல்லிட்டுப் போயிருக்காங்க. தாளு முடிஞ்சு போச்சு.

உன் அக்கா,
நாகலெட்சுமி


மான்செஸ்டர்,
2.12.1963

அக்கா,

உன் கோபம் தாளோடு வந்து சேர்ந்தது. தீபாவளி அன்று நான் ஆபீசில் இருந்தேன். மத்தியானம் ரொட்டித் துண்டைத் தின்றுகொண்டிருக்கும்போதுதான் இன்று தீபாவளி என்பது நினைவு வந்தது. அதற்கு மேல் எழுதப் பிடிக்கவில்லை, அதனால்தான் எழுதவில்லை.

கந்தப்பன் சீப்போடு அலைகிறான் என்று வாசித்து வெகுநேரம் சிரித்தேன். அம்மா மலைக்கு வேலைக்குப் போனால் மூக்கு ஒழுகிக்கொண்டு பிள்ளைக்காம்பராவில் கிடந்த பயலுக்குக் கல்யாணமா? எனக்கு உண்மையாகவே சந்தோஷம். இடத்தைப் பற்றி யோசித்து எழுதுகிறேன்.

நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்று அப்பா ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறார். இந்தத் தடவை சொல்லிவிடுகிறேன். கணக்கு மெஷினுக்குக் கட்டளை எழுதுவதற்கு ஒரு மொழி செய்துகொண்டிருக்கிறோம். மெஷினுக்குள் எண்களை வைக்க வரிசையாகக் காம்பராக்கள் உண்டு. நம்முடைய லயத்தை நினைத்துக்கொள், அப்படியே அதுதான். ஒவ்வொரு காம்பராவிலும் இருபத்துநான்கு கட்டம். ஒன்று, பூஜ்யம், இந்த இரண்டை மட்டும் கட்டங்களில் போட்டு எந்த எண்ணையும் எழுதிவிடலாம். மூன்று என்ற எண்ணுக்கு ஒன்று, ஒன்று என இரண்டு கட்டம் போதும். ஆனாலும் அதற்கும் ஒரு முழுக் காம்பரா கிடைக்கிறது. எண் பெருத்துப் போய் ஒரு காம்பராவில் அடங்காவிட்டால் எங்கள் மொழி பக்கத்துக் காம்பராவையும் திறந்துவிடும். நம் துரைக்கு இந்தக் குணம் இல்லை.

சிக்கல் என்னவென்றால், எந்த எண்ணிடமும் "உன் அளவு என்ன?" என்று கேட்க மொழியில் ஒரு வசதி வைத்திருக்கிறோம். சின்ன எண்ணிடம் கேட்டால் தான் இருக்கும் காம்பராவின் அளவைச் சொல்கிறது, இருபத்துநான்கு என்று. மூன்றும் அதையே சொல்லும், மூன்று லட்சமும் அதையே சொல்லும். பெரிய எண்ணிடம் கேட்டாலோ தனக்கு எத்தனை கட்டம் தேவை என்பதைச் சொல்கிறது. ஒரே கேள்விக்கு ஒருவன் வீட்டின் அளவைச் சொல்கிறான், இன்னொருவன் குடும்பத்தின் அளவைச் சொல்கிறான். இதைச் சீர்செய்து, சின்னது பெரியது எல்லாம் ஒரே மாதிரிப் பதில் சொல்லும்படி விதி எழுதுவது என் பொறுப்பு. என்னோடு டோரதி என்று ஒருவர் சேர்ந்து செய்கிறார்.

காகிதத்தில் கட்டம் கட்டமாகக் காம்பராக்களை வரையும்போதெல்லாம் நம் லயம்தான் கண்ணில் நிற்கிறது. நடுச்சுவர் கூரையை முட்டாமல் பாதியில் நிற்குமே. நான் இஸ்தோப்பில் உட்கார்ந்து பதினாறாம் வாய்ப்பாடு சொன்னால் லயத்தின் கடைசியில் உள்ள தொங்கல் காம்பராவில் இருந்து அம்மாக்கண்ணு அத்தை, "டேய், அதைப் பெரட்டுக்களத்துல போயிச் சொல்லு, மனுசி தூங்க வேணாமா" என்று கத்துவாளே. இங்கே என் அறைச் சுவர் கூரைவரை இருக்கிறது. பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்றே தெரியாது. தகரத்தில் மழை விழும் சத்தமும் கேட்டு நாலு வருடம் ஆகிறது.

அன்புடன்,
ஆண்டியப்பன்


அக்கரப்பத்தனை,
15.12.1963

தம்பி,

நல்லா இருக்கு உன் நியாயம். எம் பொண்ணு எங்க படுக்கும்னு ஒரு மனுசன் கேட்டதை நான் எழுதினா, மூணுங்கிற எண்ணு எங்க படுக்கும்னு நீ எனக்கு எழுதுற. அதுக்கு ஒரு முழுக் காம்பராவே குடுத்திருக்கீங்களே, புண்ணியவான்களா, அதுல பாதியை இந்தப் பக்கம் தள்ளிவிடக் கூடாதா?

யாரு அந்த டோரதி? ஒரு கடுதாசியில ஒரு வாட்டிதான் எழுதியிருக்க, ஆனா அம்மா அந்த ஒரு பேரை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு. "அதான் கல்யாணம் வேணாம்னானா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. உடனே பதில் எழுதி அம்மாவைத் தூங்க வையி.

அப்பாவுக்கு முழுக்க வாசிச்சேன். மெசினுக்குள்ள லயம் இருக்குன்னதும் அவருக்குப் பெருமை தாங்கல. காலையில வேலை பிரிக்கிறப்ப பெரட்டுக்களத்துல கங்காணிக்கிட்ட, "எம் மகன் இங்கிலீசுக்காரனுக்கு லயம் கட்டுறான்"னு சொல்லியிருக்காரு. கங்காணி அதை நெசம்னு நம்பி, அங்க ஆள் எடுக்குறாங்களான்னு கேட்டாராம். சிரிச்சு மாளல.

ஆனா அடுத்த நாளே சிரிப்பெல்லாம் போச்சு. அரிசிக்குப் பேரு எழுத ஆபீஸ் கிளாக்கர் ஐயா லயத்துக்கு வந்தாரு. காம்பராவுக்கு எத்தனை பேருன்னு வாசல் வாசலாக் கேட்டுக்கிட்டே வந்தாரு. நம்ம வாசல்ல அப்பா "ஏழு"ன்னாரு. கிளாக்கர் ஐயா உள்ள எட்டிப் பாத்து, "ஆறுதானே"ன்னாரு. அப்பா இஸ்தோப்பைக் காட்டி, "அங்க ஒருத்தன்"னாரு. அவன் பேரை வெட்டி நாலு வருசமாச்சுன்னு அவரு சொல்ல, பேரை வெட்டினா எடம் போயிருமான்னு அப்பா கேக்க, எங்க எல்லாருக்கும் ஒரு மாதிரி ஆயிருச்சு. அப்பா அரிசிக்காகக் கேக்கல. அது கிளாக்கர் ஐயாவுக்கும் தெரிஞ்சுது போல. அடுத்த வாசலுக்குப் போயிட்டாரு. கந்தப்பன் அங்கேயேதான் நின்னான். அவன் மொகத்தைப் பாக்க முடியல என்னால.

யோசிச்சு எழுதுறேன்னியே, யோசிச்சியா?

நாகலெட்சுமி


மான்செஸ்டர்,
3.1.1964

அக்கா,

முதலில் அம்மாவைத் தூங்கவை. டோரதிக்கு ஐம்பது வயது. தலை நரைத்துவிட்டது. கூட்டத்தில் மற்றவர்கள் கத்திக்கொண்டிருக்கும்போது அவர் மடியில் கம்பளி நூல் வைத்துப் பின்னிக்கொண்டிருப்பார். எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்வியோடு கூட்டம் முடிந்துவிடும்.

இப்போது என்னிடமும் அப்படி ஒன்று கேட்டிருக்கிறார். இங்கே ஒரு துணி மில்லுக்காரர்கள் எங்கள் மொழியில் ஒரு வேலை எழுதியிருந்தார்கள். எண்களின் அளவைக் கேட்டு, அதற்குத் தக்கபடி தாளில் இடம் விட்டு அச்சடிக்க வேண்டும். எங்கள் மெஷினில் எப்படியோ ஓடியது. அதையே கட்டம் இரட்டிப்பாக உள்ள வேறொரு மெஷினில் போட்டிருக்கிறார்கள். மூன்றும் ஐந்தும் நாற்பத்தெட்டுக் கட்டம் என்று பதில் சொல்ல, தாள் முழுக்க வெள்ளையாக வந்து ஓரத்தில் மட்டும் எண்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தத் தாளை மேசையில் விரித்து வைத்து எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

என் கட்சி இதுதான்: காம்பராவின் அளவையே எல்லா எண்ணும் சொல்லட்டும். சின்னவன் பெரியவன் என்று பார்க்காமல் வீட்டைக் கேட்டால் வீட்டைச் சொல்லட்டும். டோரதி பின்னலை நிறுத்திவிட்டு, "வீடு மெஷினுடையது ஆயிற்றே. எண் இன்னொரு ஊருக்குப் போனால் அதன் அளவு மாறிவிடுமா? மூன்று அங்கேயும் மூன்றுதானே" என்று கேட்டார். எனக்கு ஏனோ கோபம் வந்துவிட்டது. இருக்கிற இடத்தை விட்டுவிட்டு ஆளுக்கு என்ன அளவு இருக்க முடியும் என்று சத்தமாகக் கேட்டேன். அப்புறம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

அந்தக் கோபம் உன் கடிதத்தால் வந்தது என்று இப்போது தெரிகிறது. அக்கா, நான் யோசித்தேன். அந்த இஸ்தோப்பு மூலை எனக்கு வேண்டும். அங்கேதான் நான் படித்தேன். குப்பி விளக்குப் புகை என் கண்ணில் படாதபடி நீ உன் முந்தானையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். காற்றடித்தால் பேக்டரியில் இருந்து தேயிலைத் தூள் வறுபடும் வாசனை நேராக அந்த மூலைக்குத்தான் வரும். என் பையை மாட்டிய ஆணி இன்னும் சுவரில் இருக்கிறதா, பார்த்து எழுது. இன்னும் இரண்டு வருடத்தில் வந்துவிடுவேன். அதுவரை கந்தப்பனுக்கு வேறு ஏதாவது ஏற்பாடு செய்ய முடியாதா? அம்மாக்கண்ணு அத்தை காம்பராவில் அவர்கள் இரண்டு பேர்தானே.

ஆண்டியப்பன்


அக்கரப்பத்தனை,
22.1.1964

ஆண்டியப்பனுக்கு,

ஆணி இருக்கு. துருப்பிடிச்சு இருக்கு. போதுமா?

உன் கடுதாசியை அப்பாவுக்கு வாசிக்கிறப்ப ரெண்டு வருசத்துல வருவேங்கிற எடத்துல நிறுத்தினேன். அவரு மறுபடி வாசின்னாரு. மறுபடியும் வாசிச்சேன். கந்தப்பன் எந்திரிச்சு வெளிய போயிட்டான். இப்ப அவன் தங்குறது படுக்குறது எல்லாம் கீழ் லயத்துல கூட்டாளி காம்பராவுல. சோத்துக்கு மட்டும் வர்றான். சீப்பைக் காணோம்.

அம்மாக்கண்ணு அத்தை காம்பராவுல ரெண்டு பேருன்னு உனக்கு யாரு சொன்னா? அது நீ இருந்தப்ப. அவ மக புருசனோட வந்து அங்கதான் இருக்கா, மூணு புள்ளைங்க. நீ போனதோட இந்த லயம் அப்படியே உறைஞ்சு போச்சுன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கியா? உன் தலைக்குள்ள இருக்குற லயத்துல எடம் நெறைய இருக்கு போல. இங்க இல்ல.

ராசம்மா வீட்டுல தையும் பொறந்துருச்சு, பதில் இல்லையேன்னு கேட்டு விட்டாங்க. நான் காலைப் பிடிக்காத குறையா மாசி வரைக்கும் டைம் கேட்டிருக்கேன். அதுக்கு மேல அவுங்க இருக்க மாட்டாங்க. உடப்புசல்லாவையிலயே வேற ஒருத்தன் கேட்டுக்கிட்டு இருக்கானாம், அவனுக்கு ரெட்டைக் காம்பரா.

எனக்கு நீ கணக்கும் எழுத வேணாம், தகரத்து மழையும் எழுத வேணாம். நீ வருவியா, மாட்டியா? அதைச் சொல்லு. வருவேன்னா எந்த மாசம்னு எழுது, நான் அப்பா பக்கம் நின்னு உன் எடத்தைக் காவல் காக்குறேன். மாட்டேன்னா அதையும் எழுது.

இன்னொண்ணு கேக்கணும். நாங்க ஆறு பேரு இருக்குற எடத்தை உனக்கு அளந்து எழுதத் தேவையில்ல. உன் ரூமு எத்தனை அடி? நீ ஒருத்தன் அதுல என்னதான் பண்ற?

நாகலெட்சுமி


மான்செஸ்டர்,
1.3.1964

அக்கா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆயிற்று. அதில் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தேன். மற்ற நாட்களுக்குச் சொல்ல என்னிடம் சாக்கு இல்லை. நீ திட்டு.

நீ அறையைக் கேட்டாய். பதினாறு அடி நீளம், பதினான்கு அடி அகலம். பெரிய ஜன்னல். வீட்டுக்காரம்மாள் கட்டிலைச் சுவரின் நடுப்பகுதியில் போட்டிருந்தாள். வந்த முதல் வாரமே நான் அதை மூலைக்கு இழுத்துவிட்டேன். தலைமாட்டில் பெட்டி. பெட்டிக்கு மேல் சுவரில் ஒரு ஆணி அடித்துப் பையை மாட்டினேன். கால்மாட்டில் மேசை. மிச்சம் அறை முழுக்கக் காலி. கதவில் இருந்து மூலைவரை நடப்பதற்கு மட்டும்தான் அந்த இடம். இதையெல்லாம் நான் வேண்டுமென்று செய்யவில்லை. செய்தேன் என்பதே எனக்குத் தெரியாது.

காய்ச்சலின்போது டோரதி சூப் கொண்டுவந்தார். வாசலில் நின்று அறையைப் பார்த்தார். ராசம்மாவின் அப்பா நம் காம்பராவைப் பார்த்தது போலத்தான் பார்த்திருப்பார். பிறகு, "மிச்ச இடம் யாருக்கு?" என்று கேட்டார். அவர் கேட்டால் ஒரு கேள்விதான் என்று எழுதியிருந்தேன் அல்லவா. சூப் ஆறுவதைக் கூடக் கவனிக்காமல் லயத்தைப் பற்றிச் சொன்னேன். உன்னை, கந்தப்பனை, கிளாக்கர் ஐயாவிடம் அப்பா ஏழு என்று சொன்னதை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் விதி முடிந்துவிட்டது. ஒரே கேள்வியில் இரண்டு விஷயத்தைக் கேட்டதுதான் தப்பு என்று முடிவு செய்தோம். இனிமேல் இரண்டு கேள்வி. "நீ எந்த அளவு காம்பராவில் இருக்கிறாய்?" என்பது ஒன்று. அதற்குப் பதில் மெஷினுக்கு மெஷின் மாறும், மாறட்டும். "உனக்கு எத்தனை கட்டம் தேவை?" என்பது இன்னொன்று. அது எண்ணுக்குச் சொந்தமானது, எந்த ஊருக்குப் போனாலும் மாறாது. சின்ன எண்ணானாலும் பெரிய எண்ணானாலும் இரண்டு கேள்விக்கும் ஒரே முறையில்தான் பதில் சொல்ல வேண்டும். மூன்று என்றால் இரண்டு கட்டம், இங்கேயும் இரண்டு, எங்கேயும் இரண்டு.

கடைசியாகப் பூஜ்யம் மிஞ்சியது. பூஜ்யத்துக்கு எத்தனை இடம் தேவை? நான் ஒன்று என்றேன். இல்லாத ஆளுக்கும் உட்கார ஒரு கட்டமாவது வேண்டாமா என்று ஒரு வாரம் வாதாடினேன். டோரதி எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று என்று எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டம் குறைகிறது, விதி நேராகப் போனால் பூஜ்யத்துக்குப் பூஜ்யம்தான் வரும் என்று காட்டினார். அவனுக்காக மட்டும் விதியை வளைத்தால் மற்ற எல்லோருக்கும் கணக்குத் தப்பிப்போகும். நேற்று என் கையாலேயே அதை எழுதிக் கொடுத்தேன். பூஜ்யத்துக்குத் தேவை பூஜ்யம். எழுதிவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை வந்தது, அழுதேன்.

இனி வருவதை அப்பாவுக்கு வாசி. ஒரு எழுத்து விடாமல் வாசி.

அப்பா, நான் ஊருக்கு வருவேன். உங்களையும் அம்மாவையும் பாக்க வருவேன். ஆனா இருக்க வர மாட்டேன். என் வேலைக்கு அங்க மெசின் இல்ல. நமக்குத்தான் இலங்கைப் பிரசாவுரிமை இல்லையே, இந்தியப் பாஸ்போர்ட்டுல இங்க வந்த எனக்கு அங்க விருந்தாளி விசாதான் கெடைக்கும். ரெண்டு வருசம்னு அக்காவுக்கு எழுதினது ஆசையில எழுதினது. நீங்க என் எடத்தை நாலு வருசம் தொடச்சு வச்சிருந்தீங்க. அது அங்க இருக்குங்கிற தைரியத்துலதான் நான் இங்க இருந்தேன். அதை இப்ப கந்தப்பனுக்கும் அவன் பொண்டாட்டிக்கும் குடுங்க. நான் கோவத்துல சொல்லல, மனசோட சொல்றேன். ஆணியை மட்டும் புடுங்க வேணாம், ராசம்மாவுக்கு எதையாவது மாட்ட ஆகும்.

ஆண்டியப்பன்


அக்கரப்பத்தனை,
31.5.1964

எஞ் செல்லத் தம்பிக்கு,

பதில் எழுத இம்புட்டு நாளாக்கிட்டேன்னு நீ கோவிச்சிருப்ப. கோவிச்சுக்க. சித்திரையில கொழுந்து காடாக் கெடந்துச்சு, ஞாயித்துக்கிழமையும் வேலைக்குப் பேரு போட்டாங்க. நடுவுல கல்யாணம். ஆமா, முடிஞ்சுது. கந்தப்பனுக்கும் ராசம்மாவுக்கும் சித்திரை கடைசியில மாரியம்மன் கோயில்ல வச்சு முடிச்சோம். தப்பு மேளம் அடிச்ச அடியில துரை பங்களா வரைக்கும் அதிர்ந்துச்சு. அம்மாக்கண்ணு அத்தை உன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதா. வாய்ப்பாடு சொல்ல வேணாம்னு கத்தினேனே, பாவி நானுன்னா.

முன்னால நடந்ததைச் சொல்லணும். உன் கடுதாசியை அப்பாவுக்கு வாசிச்சேன், நீ சொன்ன மாதிரியே ஒரு எழுத்து விடல. கேட்டு முடிச்சுட்டு எந்திரிச்சுப் போயி கோழிக்கூட்டைப் பிரிச்சு மறுபடி கட்டினாரு. அது நல்லாத்தான் இருந்துச்சு. விடிஞ்சதும் பெரட்டுக்குப் போறதுக்கு முந்தி கீழ் லயத்துக்குத் தானே நடந்து போயி கந்தப்பனைக் கூட்டியாந்தாரு. "ஒரு கை பிடிடா"ன்னாரு. ரெண்டு பேருமா உன் பெட்டியைத் தூக்கி, அடுப்புக்கு மேல வெறகு காயுற அட்டல்ல ஏத்தி வச்சாங்க. பலகையைக் குறுக்க அடிச்சு அவுங்களுக்கு ஒரு தட்டு பண்ணிக் குடுத்தாரு. ஆணியைப் புடுங்கல. ராசம்மா அதுல கண்ணாடி மாட்டியிருக்கா. சீப்பு திரும்பி வந்துருச்சு.

நான் உன்னைத் திட்டி எழுதினதை நெனைச்சு அன்னிக்கு நானும் அழுதேன். உன் எடத்தைக் கேட்டு வாங்கினது நான்தானே. ஆனா கேட்டது தப்புன்னு இப்பவும் சொல்ல மாட்டேன்.

போன வாரம் கிளாக்கர் ஐயா மறுபடி பேரு எழுத வந்தாரு. நம்ம வாசல்ல எத்தனைன்னு கேட்டாரு. அப்பா "ஏழு"ன்னாரு. அவரு உள்ள பாத்து, ராசம்மாவைப் பாத்து, விரல் விட்டு எண்ணிட்டு, "ஆமா, ஏழு"ன்னு எழுதிக்கிட்டாரு. "நான் அப்பவே ஏழுன்னுதானே சொன்னேன்"னு அப்பா சொல்ல, கிளாக்கர் ஐயாவே சிரிச்சுப்புட்டாரு. எங்க எல்லாருக்கும் சிரிப்பு. அம்மா மட்டும் உள்ள போயிருச்சு.

அன்னிக்குச் சாயந்திரம் அப்பா அந்தக் கடுதாசியை எடுத்தாரச் சொன்னாரு. தனக்கு எழுதினதைத்தான் கேக்குறாருன்னு அங்க இருந்து ஆரம்பிச்சேன். "அது வேணாம், மேல இருக்கே, ரூமைப் பத்தி, அதை வாசி"ன்னாரு. மொத வாட்டி வாசிச்சப்பவே அவரு காதுல அது விழுந்திருக்கு, நாந்தான் கவனிக்கல. வாசிச்சேன். பதினாறு அடின்னதும் இஸ்தோப்பைத் திரும்பிப் பாத்தாரு. ஓரத்துல கட்டிலு, தலைமாட்டுல பெட்டி, அதுக்கு மேல ஆணி, மிச்சமெல்லாம் காலின்னு வாசிச்சேன். "இங்க இருக்குற மாதிரியேவா போட்டிருக்கான்?"னு கேட்டாரு. ஆமான்னேன். வேட்டி நுனியால மொகத்தைத் தொடச்சாரு. அப்புறம் சொன்னதை, அவரு சொன்ன வார்த்தையிலயே எழுதுறேன்.

"அவன் எடத்தைத் தம்பிக்குக் குடுத்தாச்சு, இனி அவன் அதைச் சொமக்க வேணாம்னு எழுது. கட்டிலை நடுவுல இழுத்துப் போட்டுக் கைகாலை நீட்டிப் படுக்கச் சொல்லு."

போட்டியா இல்லையான்னு உடனே எழுது. தெனமும் மலையில இருந்து எறங்கி வந்ததும் கேக்குறாரு.

உன் அக்கா,
நாகலெட்சுமி